மேடையில் மருந்து, டப்பாவில் உணவு

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பசுமைப் புரட்சி நடக்கிறது. விளைவது பயிரல்ல, கமிஷன்.

ஸ்பிருலினா, கோதுமைப்புல், பார்லிப்புல், முருங்கை. எல்லாம் இடித்து டப்பாவில் அடைத்தாயிற்று. 'சூப்பர்ஃபூட்' என்று பெயர் வைத்தவுடன் விலை 200 வெள்ளி. மண்டபத்தில் மைக் பிடித்தவர் முழங்குகிறார்: "அக்கா, இனிப்புநீர் போயிடும். ரத்தக்கொதிப்பு போயிடும். கிட்னி புதுசாயிடும்." போவதென்னவோ அக்காவின் இபிஎஃப் பணம்.

சட்டம் இல்லையா? 1956-லிருந்தே இருக்கிறது. நீரிழிவு, ரத்தக்கொதிப்பு, புற்றுநோய், சிறுநீரக நோய் உள்பட 20 நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது குற்றம். நாடு சுதந்திரம் அடையும் முன்பே வந்த சட்டம். புலனக் குழுக்களுக்குள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ஒரு நோயின் பெயரும் இருக்காது. வாய் மருந்து விற்கும். டப்பா உணவென்று சத்தியம் செய்யும். உணவு என்று சொல்லிவிட்டால் மருந்துக்குரிய 'மால்' பதிவு எண் வேண்டாமே! 'பிரத்யேகக் கலவை, 10 கிராம்' என்றிருக்கும். அதில் எது எத்தனை கிராம்? வியாபார ரகசியம். நம் வயிற்றுக்குள் போவது நமக்கே ரகசியம்.

5 கிராம் ஸ்பிருலினாவில் சுமார் 3 கிராம் புரதம். அதாவது அரை முட்டை. அரை முட்டையை விற்க ஓட்டலில் மாநாடு.

வேடிக்கை இத்தோடு முடிகிறது. வார்ஃபாரின் சாப்பிடும் இதய நோயாளிக்கு, கீரைப் பொடியின் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் எமன். மைக் பிடித்தவர் மருந்துச் சீட்டைக் கேட்டாரா? உங்களுக்குக் கீழே எத்தனை பேரைச் சேர்ப்பீர்கள் என்றுதான் கேட்டார்.

மலேசியப் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு என்கிறது 2023-இன் தேசிய சுகாதார ஆய்வு. இந்தியர்களிடம் இன்னும் அதிகம். மைக் நம் தாமானைத் தேடி வரும் காரணம் இதுதான். நம் நோய் அவர்களுக்குச் சந்தை.

அரசு கிளினிக்கில் 1 வெள்ளிக்கு டாக்டர் பார்க்கிறார், மாத்திரையும் கிடைக்கிறது. அங்கே வரிசையில் நிற்க நமக்குக் கால் வலிக்கிறது. சந்தையில் முருங்கைக்கீரைக் கட்டு சில வெள்ளி. விற்கும் பாட்டிக்கு மேடையும் இல்லை, டவுன்லைனும் இல்லை. அதனால் அந்தக் கீரையில் சத்தும் இல்லை போலும்!

அடுத்த முறை டப்பாவை நீட்டினால் கேளுங்கள்: இது உணவா, மருந்தா? மருந்தென்றால் மால் எண் எங்கே? உணவென்றால் நோயை ஏன் இழுக்கிறீர்கள்? மேடையில் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பேனாவைத் தொட ஒருவரும் இருக்க மாட்டார்.