பனைமரங்களின் பங்கைத் தின்றவன் எழுதிக்கொள்வது

பெருமதிப்புக்குரிய நியாயமான பாவனைப் பிரிவு மேலதிகாரி அவர்களுக்கு,

தீவகத்துச் சரவணைக் கிராமத்திலிருந்து, தங்களின் அன்லிமிட்டெட் பொதியை நம்பி வாங்கியவன் பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

போன கிழமை எங்கள் பெரியம்மாவின் செத்தவீடு. பிள்ளைகளில் மூத்தவர் ரொறன்ரோ, நடுவில் லா கூர்நெவ், கடைசி பேர்ண். ஒருவருக்கும் வர வழியில்லை. போனைத் தூக்கிப் பிடிக்கிற பொறுப்பு என்னுடையது. வாய்க்கரிசி போடத் தொடங்க, சரியாக அந்த நேரம் பார்த்துத் தங்கள் குறுஞ்செய்தி வந்து இறங்கியது. மதிப்புக்குரிய வாடிக்கையாளரான நான் நியாயமான பாவனை அளவைத் தாண்டிவிட்டேனாம். மற்றப் பாவனையாளர்களின் நலன் கருதி வேகம் குறைக்கப்படுகிறதாம். படம் அப்படியே நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்தது. ரொறன்ரோ அண்ணன் ஸ்பீக்கரில், சபை முழுக்கக் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "தம்பி, பில் கட்டேல்லையோடா? முதலே சொல்லியிருந்தா நாங்கள் அனுப்பியிருப்பமே."

பறையடிக்கிறவர்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார் ஐயா. பில் கட்டின துண்டு என் சேர்ட் பொக்கற்றில் இருந்தது. பிரேதத்துக்கு முன்னால் அதை எடுத்துக் காட்டவா முடியும்?

ஆனாலும் தங்கள் பெருந்தன்மையை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. மற்றப் பாவனையாளர்களுக்காக எவ்வளவு கவலைப்படுகிறீர்கள்! ஒருமுறை எங்கள் ஒழுங்கைக்கு வாருங்கள், அவர்களை நேரே அறிமுகப்படுத்திவைக்கிறேன். வலப்பக்கம் பூட்டின வீடு, சொந்தக்காரர் ஸ்காபரோவில். இடப்பக்கம் கூரையில்லாத வீடு; 1990இல் தீவகம் இடம்பெயர்ந்தபோது போனவர்கள் திரும்பி வரவில்லை, இப்போது குசினிக்குள் ஒரு வேம்பு குடியிருக்கிறது. அதற்கடுத்தது பனங்காணி. அதற்கப்பால் தரவை, தரவை நிறையக் கட்டாக்காலி மாடு. இவர்களில் யாருடைய பங்கை நான் தின்றேன் என்பதைத் தெரிவித்தால் நல்லது. மேற்கு மூலைப் பனை கொஞ்ச நாளாக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. யூரியூப் சுத்திக்கொண்டு நிற்பதுதான் காரணமோ தெரியவில்லை.

என் குற்றத்தையும் மறைக்கவில்லை. வீட்டில் பெரிய பாவனைக்காரர் நான் அல்ல, எண்பது கடந்த என் தாயார். நல்லூர்த் திருவிழா 25 நாள். நடக்க ஏலாத மனுசி கட்டிலில் இருந்தபடி நேரலையில் கும்பிடுவார். தெளிவான படம் என்றால் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை இழுக்கும். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் பார்த்தாலே திருவிழா முடிய 150 ஜிபி. இதோடு பேரனின் ரியூசன் வகுப்பு, பிறகு வட்ஸ்அப்பில் கனடா, வைபரில் பிரான்ஸ். கந்தசுவாமியார் கொஞ்சம் மங்கலான படத்தில் எழுந்தருளினால் என்ன என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். அதற்கு அவர் சொன்ன மறுமொழி தங்கள் அலுவலகத்துக்கு எழுதத்தக்கதல்ல.

தங்கள் சேவை நிலையத்துக்கும் எடுத்தேன். தமிழுக்கு 2ஐ அழுத்தி, பாட்டு முழுவதையும் கேட்டு முடித்தபின் ஒரு பிள்ளை வந்தது. நல்ல பிள்ளை. "சேர், நீங்கள் ஹெவி யூஸருக்குள்ள வாறீங்கள்" என்று, வைத்தியர் சீனி வருத்தத்தைச் சொல்வது போல இதமாகச் சொன்னது. உடனே மருந்தும் சொன்னது: மேலதிக டேட்டாப் பொதி ஒன்று போட்டால் வேகம் அந்த நிமிடமே திரும்பிவிடுமாம். போட்டேன். திரும்பியது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று விளங்கவில்லை. ஒரு ரவரின் கொள்ளளவை அதைப் பிடிக்கிற எல்லாரும் பங்குபோடுகிறோம். பின்னேரம் எல்லாரும் ஒன்றாக ஏறினால் நெரிசல். ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் நான் காசு கட்டிய அந்த நிமிடத்தில் நெரிசல் எங்கே போனது? பனைகள் எல்லாம் போனை நிறுத்திவிட்டனவா? மாடுகள் எனக்காக வைஃபையை அணைத்தனவா? விடிய ரெண்டு மணிக்கு, ரவரில் ஒரு காக்கையும் இல்லாத நேரத்தில், பேரன் இறக்கின பாடத்தையும் மாதக் கணக்கில் சேர்க்கிறீர்களே, அது எந்த நெரிசல்? நெரிசலுமில்லை, நியாயமுமில்லை. ஒரே சாமானை எங்கள் தலையில் ரெண்டு தரம் கட்டுகிறீர்கள். விற்கும்போது இல்லாத எல்லையைச் செத்தவீட்டில் கொண்டுவந்து போட உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவேண்டும். பிறசர் குளிசை போடப் பிந்திவிட்டது.

தங்கள் துறை செய்த உபகாரங்களை நான் மறந்தவனல்ல. கொரோனாக் காலத்தில் நாட்டுப் பிள்ளைகள் சிக்னல் தேடி மரத்திலும் பாறையிலும் ஏறிப் படித்தார்கள். 2021இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு அன்லிமிட்டெட் பொதிகள் வந்தபோது நாங்கள் தேங்காய் உடைக்காத குறை. 2022 செப்டெம்பரில் கட்டணம் 20 வீதம் ஏறியது. அதை மட்டும் எந்த மாதமும் வேகம் குறைத்து அறவிட்டதாக எனக்கு நினைவில்லை.

வெளியூர்ச் சங்கதி இரண்டு, தங்கள் ஓய்வு நேர வாசிப்புக்கு. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி, அன்லிமிட்டெட் என்று விற்றுவிட்டு 35 இலட்சம் பேருக்கு மேல் வேகத்தைக் குறைத்தது என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு 2014இல் வழக்குப் போட்டது. 2019இல் 6 கோடி டொலர் கொடுத்துத்தான் கொம்பனி அதை முடித்துக்கொண்டது. இந்தியாவில் தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ட்ராய் 2016இல், அளவு தாண்டினாலும் வீட்டு புரோட்பாண்டை விநாடிக்கு 512 கிலோபிட்டுக்குக் கீழே இறக்கக்கூடாது என்று பணித்தது. பெரிய வேகமில்லைத்தான். ஆனால் கீழே ஒரு தரை இருக்கிறது என்றாவது அவர்களுக்குத் தெரியும். எங்கள் தரை எங்கே என்று அறிய, விளம்பரத்தின் அடியில் ஓடும் எறும்பெழுத்தைப் பேரனின் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்றிருந்தது. அந்த நிபந்தனைகள் இணையத்தில் இருக்கின்றனவாம். குறைத்த வேகத்தில் அந்தப் பக்கம் திறக்கவில்லை.

தங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை ஜிபிக்குப் பிறகு, எந்த வேகம், எந்த நேரத்தில் என்பதைச் சிரிக்கிற நடிகையின் படத்துக்குப் பக்கத்தில், அவருடைய பல்லின் அளவிலாவது அச்சிடுங்கள். ஏலாதென்றால், என்னால் பாதிக்கப்பட்ட மற்றப் பாவனையாளர்களின் பெயர் விபரத்தை அனுப்பிவையுங்கள். வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு சரை பனங்காய்ப் பணியாரம் கொடுத்து மன்னிப்புக் கேட்கிறேன். கதவு பூட்டியிருந்தால் மதிலில் வைக்கிறேன். மாடு என்றால் கையிலேயே கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
பாரிய பாவனையாளன்,
சரவணை.