பெருங்காயத்தில் கோதுமை

கோதுமை தனக்கு ஆகாது என்கிற ஒருவர் எங்கள் ஊரில் உண்டு. சாம்பார் வாளி அவர் இலைக்கு வந்தால் பந்தி நின்றுவிடும். வரிசையில் அவருக்கு அடுத்து உட்கார்ந்தவர்கள் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

“தம்பி, இதுல பெருங்காயம் போட்டிருக்கா?”

“போட்டிருக்கு சார். வாசனையே தூக்குது பாருங்க.”

“கட்டியா, தூளா?”

“தெரியலையே சார்.”

“தூள்னா மைதா கலந்திருப்பான். மாஸ்டரைக் கேட்டுட்டு வா.”

பின்கட்டில் நான்கு அடுப்புகளுக்கு நடுவே நிற்கும் மாஸ்டர் சொல்லும் பதில் பத்திரிகையில் அச்சிடத் தக்கதல்ல. அதைத் தம்பி “இல்லையாம் சார்” என்று சுருக்கிக் கொண்டுவந்து தருவார். அதற்குள் ரசம் வந்துவிடும். ரசத்திலும் பெருங்காயம் உண்டு. ஊறுகாயில் உண்டு. மோரில் தாளித்துக் கொட்டியிருந்தால் அதிலும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விசாரணை. கள்ளக்குறிச்சியில் எந்த மண்டபமானாலும், எவர் வீட்டுக் கல்யாணமானாலும், முதல் பந்தியில் அவர் இருந்தால் இரண்டாவது பந்தி அரை மணி தாமதம்.

அவர் சொல்வது பொய்யல்ல, அதுதான் சங்கடம். பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். நமக்கு வருவது பெரும்பாலும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும். இந்திய விஞ்ஞானிகள் இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றை நட்டதே 2020 அக்டோபரில்தான். சுத்தப் பிசினை அப்படியே சமையலில் போட முடியாது, காட்டம் தாங்காது. அதனால் பிசின் தூளும் மாவும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால் பல கம்பெனிகளில் கோதுமை மாவு என்றோ மைதா என்றோ இருக்கும். கட்டியிலும் இதே கதைதான். இதை மட்டும் அவரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. சொன்னால் கட்டிக்கும் ஒரு விசாரணை கூடும் என்பதால் ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

கேட்பதோடு விட்டாலும் பரவாயில்லை, விளக்கவும் செய்வார். நெதர்லாந்தில் டிக்கே என்றொரு குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்துப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் ஜனங்கள் ட்யூலிப் கிழங்கை அவித்துத் தின்றார்கள். அப்போது டிக்கேயிடம் இருந்த, குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய்க் குழந்தைகளுக்கு உடம்பு தேறியது, ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துக்கொண்டார்கள். கோதுமைதான் குற்றவாளி என்று டிக்கேவுக்கு முன்பே இருந்த சந்தேகம் உறுதிப்பட்டது அப்படித்தான். கதை அருமையான கதை. ஆனால் இதை அவர் சொல்வது, எட்டு கிலோ வாளியை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிற பையனிடம்.

இத்தனைக்கும் இது அரிசி ஊர். காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. பெருங்காயத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பெயர் தெரியாமலே ஊர் முழுக்கக் குளூட்டன் என்கிற கோதுமைப் புரதம் இல்லாத சாப்பாடுதான். அப்படியானால் அவர் எதைத்தான் துறந்தார்? புரோட்டா, பூரி, டீக்கடை பன், ரவா உப்புமா. இதில் ரவா உப்புமாவைத் துறப்பதற்குக் காரணம் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

தில்லி, வேலூர் மருத்துவர்கள் சேர்ந்து நாட்டின் மூன்று பகுதிகளில் 23 ஆயிரம் பேருக்கு மேல் சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சீலியாக் நோய் வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு, தெற்கே நூற்றுக்கு 0.10 பேருக்கு. அதாவது நம் பக்கம் ஆயிரத்தில் ஒருவர். வடக்கத்தியர் ஒரு நாளில் சாப்பிடும் கோதுமை சராசரியாக 455 கிராம், நாம் சாப்பிடுவது 25 கிராம். இதை ஒருவர் அவரிடம் எடுத்துச் சொன்னார். “அந்த ஆயிரத்துல ஒருத்தன் நான்தான்” என்றார், பதக்கம் வாங்கியவர் முகத்தோடு.

வீட்டில் நிலைமை இன்னும் சிக்கல். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை, ராத்திரி இரண்டு சப்பாத்தி என்பது டாக்டர் உத்தரவு. ஆகவே ஒரே அடுப்படியில் கோதுமை ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு விஷம். சப்பாத்திக் கல் பட்ட கரண்டி தோசைக் கல்லில் படக்கூடாது, மாவு தேய்க்கும்போது அவர் கூடத்தில் உட்காரமாட்டார். அவர் மனைவி ஒன்றும் சொல்வதில்லை, பாத்திரங்களின் சத்தம்தான் கொஞ்சம் கூடியிருக்கிறது. இப்படிக் கறாராக இருப்பவர் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் சில்லி கோபி சாப்பிடுவார். பூவைச் சுற்றியிருப்பது மைதா, மேலே ஊற்றுவது சோயா சாஸ், அதிலும் கோதுமை. படுக்கப் போகும்போது ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ். கோதுமையும் பார்லியும் சேர்ந்த அந்த டம்ளரை யாரும் விசாரிப்பதில்லை.

வயிறு உப்புவது மட்டும் நிஜம். அதை நடிப்பு என்று சொன்னால் பாவம். புரோட்டா தின்ற ராத்திரிகளில் அவர் திண்ணையில் குறுக்கும் நெடுக்கும் நடந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. ஆனால் நார்வேயில் இப்படிச் சீலியாக் இல்லாமல் வயிறு மட்டும் உப்புகிற 59 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018-ல் வெளிவந்தது. எந்த நாளில் எதைத் தின்கிறோம் என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்ததில், குளூட்டனைவிட அதிகத் தொல்லை கொடுத்தது ஃப்ரக்டான் என்கிற கார்போஹைட்ரேட். கோதுமையில் இருப்பதுபோலவே வெங்காயத்திலும் பூண்டிலும் அது இருக்கிறது. அவர் புரோட்டாவை விட்டாரே தவிர, முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம் மிதக்கும் சாம்பாரை இரண்டாம் முறையும் கேட்டு வாங்குகிறார், பெருங்காய விசாரணை முடிந்த கையோடு.

சிரிப்பதெல்லாம் இதுவரைதான். அவரால் இந்த ஊர்ப் பரிமாறும் பையன்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டுவிட்டார்கள். என்ன கேட்டாலும் “இல்ல சார்.” உள்ளே போய்க் கேட்பதுகூட இல்லை, நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். சீலியாக் உறுதியான குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் வந்து இதே கேள்வியைக் கேட்டால் அவளுக்கும் அதே பதில்தான் கிடைக்கும். அந்தக் குழந்தைக்கு அது வயிற்று உப்புசம் அல்ல. சிறுகுடலின் உள்சுவர் தேய்ந்து, சத்து ஒட்டாமல், வளர்த்தியே நிற்கும் சமாசாரம். குளூட்டன் இல்லாதது என்று அச்சடிக்க அரசு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அத்தனை நுணுக்கமான கணக்கை விளையாட்டுப் பேச்சாக்கிவிட்டார் மனிதர்.

போன வருஷம் அவருக்குச் சிறுதானியப் பித்து பிடித்தது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, என்றைக்குமே குளூட்டன் இருந்திராத சாமை ‘குளூட்டன் இல்லாதது’ என்ற அச்சோடு பாக்கெட்டுக்குள் போய் விலை ஏறி உட்கார்ந்திருக்கிறது. பாக்கெட்டை நம்பாமல் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினார். கல்வராயன் மலையில் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர், பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்துத் தின்ற ஜனங்கள். இப்போது கொல்லைகளில் மக்காச்சோளமும் மரவள்ளியும். ஒரு வீட்டு வாசலில் கிழவி ஒருத்தியிடம் சாமைச் சோறு உண்டா என்று ஆவலாகக் கேட்டிருக்கிறார்.

“அத யாரு சாமி உரல்ல போட்டுக் குத்துறது? ரேசன் அரிசிதான் வருதே” என்றாளாம். 2011 ஜூனிலிருந்து அது இலவசம் வேறு. தூரத்திலிருந்து வந்தவராயிற்றே என்று டீயும் ஒரு பன்னும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

“எனக்குக் கோதுமை ஆகாது பாட்டி.”

“ஐயோ பாவமே. ஆசுபத்திரில காட்டுனியா சாமி?”

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. மலை இறங்கியதும் மனைவியே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வைத்துக் குடலில் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் கோதுமையை விட்டுவிட்டு வந்து சோதித்தால் ஒன்றும் தெரியாது. ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அன்று சாயங்காலமே புரோட்டாக் கடையில் அவரைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மூன்று புரோட்டா, சால்னா, ஒரு கலக்கி. கேட்டவர்களிடமெல்லாம் டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினார். ஆறு வாரம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. ரத்தம் கொடுக்கத்தான் அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.