கேப்டன் கண்ட மாமியார்

ஆடி மாசம் ராத்திரி பத்து மணிக்குச் சங்கராபுரத்தில் கரண்ட் போனால் மொட்டைமாடிக்கு ஏறிவிடுங்கள். கல்வராயன் மலைப் பக்கம் காலை நீட்டி மல்லாந்து படுத்தால், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே மங்கலாக ஒரு நட்சத்திரம் தெரியும். 70 ஒஃபியூச்சி. வெறும் கண்ணுக்கு ஒன்று, தொலைநோக்கியில் இரண்டு. இரண்டும் சூரியனைவிடச் சிறுசு, சூடும் கம்மி. ஒன்றையொன்று சுற்றிவர 88 வருஷம். சதாபிஷேகமே முடிந்தும் முதல் சுற்று முடியாத தம்பதி.

இந்தக் குடும்பத்துக்குள் மூக்கை நுழைத்தவர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். நுங்கம்பாக்கத்தில் கும்பினியார் 1792-இல் கட்டிமுடித்த மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தின் தலைவர். மெட்ராஸ் வெயிலும் அவர் உடம்பும் ஒத்துப்போகவில்லை. இருந்தாலும் விடாமல் வேவு பார்த்தார். நியூட்டன் போட்டுக்கொடுத்த கோட்டில் நடக்காமல் தம்பதி லேசாகத் தடுமாறுவதாகக் கணக்கு சொன்னது. நம்மூர்த் திண்ணைக் கிழவியிடம் கேட்டிருந்தால், "உள்ளே மாமியார் இருக்கா" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொல்லியிருப்பாள். கேப்டனும் 1855-இல் லண்டன் வானியல் சங்க இதழில் அதையேதான் கௌரவமாக எழுதினார்: கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது போலும். வேற்று நட்சத்திரத்துக்குக் கோள் உண்டென்று கணக்கோடு சொன்ன முதல் ஆட்களில் ஒருவர் நம் நுங்கம்பாக்கத்துக்காரர்!

1896-இல் அமெரிக்காவிலிருந்து வானியலாளர் தாமஸ் சீ கிளம்பினார். மாமியார் 36 வருஷத்துக்கு ஒரு சுற்று வருகிறாள் என்று ஜாதகமே எழுதிவிட்டார். 1899-இல் ஃபாரஸ்ட் மௌல்டன், அப்படி ஒருத்தி இருந்தால் குடும்பமே நிலைக்காது என்று நிரூபித்தார். சீக்கு (பெயர்தான், வியாதி இல்லை) கோபம் தலைக்கேறியது. அவர் எழுதிய கடிதத்தைப் படித்த பத்திரிகை, இனி இந்தப் பக்கமே வராதே என்று கதவைச் சாத்தியது.

மாமியார் என்று யாருமே இல்லை, அளந்ததில்தான் பிசகு. ஆனால் 1995-இல் சுவிஸ்காரர்கள் இருவர் 51 பெகாசியின் கோளைப் பிடித்ததும் நட்சத்திரத்தின் தள்ளாட்டத்தை வைத்துத்தான். அவர்களுக்கு 2019-இல் நோபல். கேப்டன் 1862-இலேயே பூனாவில் போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம்.

அவர் இருந்திருந்தால் இதையும் ரசித்திருப்பார்: 2017-இல் டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரத்தின் வீட்டில் ஏழு கோள்கள் என்று எண்ணி முடித்தார்கள். அந்த நட்சத்திரமே நம் வியாழனைவிடக் கொஞ்சம்தான் பெருசு. அடுப்பங்கரை ஓரமாகச் சுற்றும் முதல் கோளுக்கு ஒன்றரை நாளில் ஒரு வருஷம். அங்கே ஆடி மாசம் மொத்தமே மூணு மணி நேரம். ஜவுளிக்கடைக்காரர் தள்ளுபடி போர்டைக் கட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கி, டீ குடித்து, வியாபாரத்தில் உட்காருவதற்குள் ஆவணி பிறந்துவிடும்.