தகப்பன்சாமியின் பார்சல்

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனால் முதலில் குழந்தையைக் காட்டுவார்கள். இவர் வீட்டில் முதலில் காட்டப்படுவது பார்சல். "ஒரு நிமிஷம் உட்காருங்க, இப்பத்தான் கூரியர் வந்துச்சு" என்று கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு உள்ளே போவார். குழந்தை பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருக்கும். நாம் வாங்கிப் போன சோப்பு, பவுடர், எண்ணெய் அடங்கிய பரிசுப் பெட்டியை இரண்டு விரலால் வாங்கிப் பின்பக்கம் திருப்புவார். பொடி எழுத்தைப் படித்துவிட்டு "ம்ம்…" என்பார். அந்தப் பெட்டி இனி ஊரில் வேறு எந்தக் குழந்தைக்கு வேண்டுமானாலும் பரிசாகப் போகும், இந்தக் குழந்தையின் மேல் மட்டும் படாது என்பது அந்த 'ம்ம்'முக்கு அர்த்தம்.

பெயர் எதற்கு, தகப்பன்சாமி என்றே வைத்துக்கொள்வோம். சுவாமிமலைச் சாமி தகப்பனுக்கு மட்டும்தான் உபதேசம் செய்தது. இவர் தகப்பனான நாளிலிருந்து ஊருக்கே செய்கிறார். கோவை சரவணம்பட்டிப் பக்கம் அடுக்குமாடி வீடு, ஐ.டி. வேலை, முப்பதைத் தாண்டிய வயது. கொள்கை ஒன்றுதான்: பிள்ளை பெற்றவர்கள் தங்கள் பிள்ளைக்கென்று செய்து பார்த்து, பிறகு விற்பதை மட்டுமே வாங்குவது. பெரிய கம்பெனி என்றால் சந்தேகம். ஓர் அம்மா வீட்டு அடுப்பில் வறுத்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு பணம். இவருக்குச் சம்பளம் கொடுப்பதே ஒரு பெரிய கம்பெனிதான் என்பதை வீட்டில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இப்படி விற்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தலபுராணம் உண்டு. "எங்க பாப்பாவுக்கு எந்த சோப்பும் ஒத்துக்கலை. ராத்திரியெல்லாம் சொறிஞ்சுக்கிட்டு அழுவா. அப்பத்தான் எங்க பாட்டி சொன்னது ஞாபகம் வந்துச்சு" என்று தொடங்கும். வேலையை விட்டது, சமையலறையில் முதல் சோப்புக் கட்டியை அச்சிலிருந்து தட்டி எடுத்தது, பக்கத்து வீட்டு அக்கா "எனக்கும் ரெண்டு கொடேன்" என்றது எல்லாம் வரிசையாக வந்து, "இன்று ஊர் முழுக்க எங்கள் குடும்பம்" என்று சுபமாக முடியும். சோப்பில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலைவிட இந்தப் புராணத்தைத்தான் தகப்பன்சாமி கவனித்துப் படிப்பார். கதையில் சொறி இல்லையென்றால் சோப்புக்கு ஆர்டர் கிடையாது.

புராணம் என்பதற்காகப் பொய் என்று தள்ளிவிட முடியாது. யாராவது சிரித்தால் அவரிடம் பதில் தயார். வளைகாப்புப் பந்தியில், இலையில் ரசம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆரம்பிப்பார். அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற அம்மா, குழந்தையின் ஈரத்துணியோடு மல்லுக்கட்டிச் சலித்து, குளியலறைத் திரையைக் கத்தரித்து நாப்கினுக்கு மேலுறை தைத்தார். 1949இல் அது நியூயார்க்கின் பெரிய கடைக்கு வந்தது. 1951இல் காப்புரிமை வாங்கி, பத்து லட்சம் டாலருக்கு விற்றார். ஆன் மூர் என்ற நர்ஸ் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் தாய்மார்கள் பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, தன் குழந்தைக்கு அதே மாதிரி வேண்டும் என்று அம்மாவிடம் தைத்து வாங்கினார். அதற்கு 1969இல் காப்புரிமை. நம் நாட்டிலேயே மாமாஎர்த், மகனுக்குத் தோல் ஒவ்வாமை என்று ஒரு தம்பதி 2016இல் தொடங்கியதுதான். 2023இல் பங்குச் சந்தைக்கே போய்விட்டது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். பங்குச் சந்தைக்குப் போன அன்றே அது அவர் கணக்கில் கம்பெனி ஆகிவிட்டது, வாங்குவதை நிறுத்திவிட்டார்.

பொருள் வந்தால் நேராகக் குழந்தைக்குப் போகாது. முதலில் சோதனை. குழந்தையைத் தூக்கி நடக்க, இரண்டு வளையம் கோத்த கைத்தறித் துணி ஒன்று ஈரோட்டுப் பக்கமிருந்து வந்தது. முழங்கால் பிட்டத்தைவிட உயர்ந்து இருக்க வேண்டும், முகம் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சந்தலைக்கு முத்தம் எட்ட வேண்டும் என்று தைத்தவர் விவரமாக வீடியோ அனுப்பியிருந்தார். சரியான விதிகள்தான், இடுப்பு எலும்புக்கும் மூச்சுக்கும் பாதுகாப்பு. ஆனால் எடுத்ததும் குழந்தையை வைக்க மனசு வரவில்லை. ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பையை எடுத்து மார்போடு கட்டிக்கொண்டார். வீட்டுக்குள் நடந்தார். பிறகு லிஃப்டில் இறங்கிக் கீழே வாகனம் நிறுத்துமிடத்தைச் சுற்றி நடந்தார். நடக்க நடக்கக் கை தன்னாலே அரிசிப் பையின் முதுகைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. வாயில் ஆராரோ. வாட்ச்மேன் எழுந்து நின்று கேட்டார்: "ஏனுங் சார், அரிசி அழுகுதுங்களா?"

மேலே வந்ததும் மாமியார் பார்த்தார். கோபிச்செட்டிப்பாளையத்து அம்மாள், பேறுகாலத்துக்கு வந்து தங்கியிருப்பவர். துணியை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "நல்ல துணிங் மாப்பிள்ள. எங்கூர்ல நாத்து நட வர்ற பொம்பளைங்க பழைய சேலையில மரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு வயல்ல எறங்குவாங்க. வளையம்தான் இல்ல" என்றார். வளையத்துக்குத்தான் காசு என்பதை இரு தரப்பும் பேசாமலே ஒப்புக்கொண்டன.

அடுத்தது துணி டயப்பர். கம்பெனி டயப்பர் குப்பையில் எத்தனை காலம் கிடக்கும் என்று பேசத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். துணி டயப்பரில் வெளியே நீர் கசியாத உறை, உள்ளே உறிஞ்சும் பட்டை, குழந்தை வளர வளர அளவைத் தளர்த்த முன்புறம் பட்டன் வரிசை. நல்ல பொருள், மறுப்பதற்கில்லை. ஒரே சங்கடம், முதன்முதலில் கட்டுவதற்கு முன் அதை நாலைந்து தடவை துவைத்துக் காயவைத்தால்தான் நன்றாக உறிஞ்சும். அடைமழைக் காலத்தில் வாங்கினார். பால்கனிக் கொடி முழுக்க யானை, ஒட்டகச்சிவிங்கி, அன்னாசிப்பழப் படங்கள் தொங்கின. எதுவும் காயவில்லை. குழந்தை அதுவரை தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து முக்கோணமாகக் கட்டிய துணியில் தன் கடமையை ஆற்றிக்கொண்டிருந்தது. ஒரு வழியாகக் காய்ந்து கட்டிவிட்டபோது மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். "கோமணத்துக்குப் பட்டன் வெச்சிருக்காங்க. அவ்வளவுதான?" துவைத்தவர் யார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆராய்ச்சி அவருடையது, அலசுவது மனைவியுடையது. சிறுதொழிலை ஆதரிப்பதில் இப்படி ஒரு வேலைப் பிரிவினை எல்லா வீட்டிலும் இருக்கிறது.

தலை உருண்டையாக வர வேண்டுமென்று கடுகுத் தலையணையும் வந்தது. ஒரு வயது வரை குழந்தை படுக்கும் இடத்தில் எந்தத் தலையணையும் வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதைப் படித்ததும் இவரே அதை எடுத்துத் தன் தலைக்கு வைத்துக்கொண்டார். பெரிய தலையின் பாரம் தாங்காமல் நள்ளிரவில் தையல் விட்டது. படுக்கை, பாய், கட்டிலுக்கடியில், குளிர்சாதனப் பெட்டிவரை கடுகு. விடிய விடியப் பெருக்கி முறத்தில் சேர்த்து வந்த மனைவி கேட்டது ஒரே கேள்வி: "இதை என்னங்க பண்றது?" அடுக்களையிலிருந்து அவர் அம்மா பதில் சொன்னார்: "கழுவிக் காய வெய்யி கண்ணு. தாளிச்சுக்கலாம்."

உணவு விஷயத்தில்தான் தகப்பன்சாமி தன் முழு அறிவையும் காட்டுவார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், ஒரு வயது வரை தேன் கூடாது, உப்பும் சர்க்கரையும் சேர்க்காமலிருப்பது நல்லது என்பதெல்லாம் அவருக்குப் பஞ்சாட்சரம் மாதிரி. ஆறு மாதம் முடிந்ததும் முளைகட்டிய கேழ்வரகு மாவு, நேந்திரங்காய்ப் பொடி, 21 தானியம் சேர்ந்த சத்துமாவு என்று மூன்று ஊரிலிருந்து மூன்று அம்மாக்கள் அனுப்பினார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிம எண் இருக்கிறதா என்று பாக்கெட்டைத் திருப்பி, 14 இலக்கத்தையும் விரல் வைத்து எண்ணினார். எண்ணட்டும், இந்த ஒரு பழக்கத்துக்காக அவருக்கு மாலையே போடலாம்.

புதிய உணவை ஒவ்வொன்றாகக் கொடு, மூன்று நாள் பார், ஒத்துக்கொண்டால் அடுத்ததுக்குப் போ என்று டாக்டர் சொல்லியிருந்தார். எக்செல் திறந்தார். 21 தானியம், தானியத்துக்கு மூன்று நாள், ஆக 63 நாள். கம்பு முதல் கருப்புக் கவுனி வரை அட்டவணை போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டார். அட்டவணையின் கடைசி நாளன்று சத்துமாவுப் பாக்கெட்டைப் பிரிக்கப் போனால், அதில் 'அரைத்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பயன்படுத்தவும்' என்று போட்டிருந்தது. அந்த மாதம் முழுக்க வீட்டுப் பெரியவர்களுக்கெல்லாம் காலையில் சத்துமாவுக் கஞ்சி.

இடையில் ஒன்று. அநேகமாக அந்த மாதிரிப் பாக்கெட்டுகளிலெல்லாம் கொழுகொழு என்று ஒரு குழந்தைப் படம் இருக்கும். விற்கிறவரின் சொந்தக் குழந்தையாகத்தான் இருக்கும். 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டப்படி இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரமே கூடாது. டப்பாவில் குழந்தைப் படமும் கூடாது. பால்பவுடர்க் கம்பெனிகளின் கொட்டத்தை அடக்க வந்த சட்டம். அது தன் மகள் படத்தையும் தடுக்கும் என்பது பாவம், மாவு அரைக்கும் அம்மாக்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது அவர்களுக்கு நல்லது.

இத்தனை செலவும் அலைச்சலும் எதற்கு என்று அவர் மனைவி ஒருநாள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பதில் கைபேசியில் இருக்கிறது. குழந்தை வீறிட்டு அழும் நடுராத்திரி இரண்டு மணிக்கு எந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போட்டாலும் பாட்டுதான் கேட்கும். நலங்கு சோப்பு விற்கும் திருப்பூர் அம்மாவுக்கு, "சிஸ்டர், குளிப்பாட்டினதுலேர்ந்து கன்னம் சிவந்திருக்கு" என்று செய்தி அனுப்பினால் உடனே இரண்டு நீல டிக் விழும். "போட்டோ அனுப்புங்க ப்ரோ" என்று வரும். அனுப்பினால், "எனக்கு டாக்டர் மாதிரி சொல்லத் தெரியாது, சோப்பை நிறுத்திட்டுக் காலையில காட்டிருங்க. எங்க பாப்பாவுக்கு எச்சில் வழிஞ்சே இப்படி ஆகும்" என்று வரும். அவர் ஏன் விழித்திருக்கிறார்? அவர் வீட்டிலும் ஒன்று தூங்காமல் கிடக்கிறது. இரண்டு வீட்டிலும் விளக்கு எரிகிறது என்ற தெம்பில் தகப்பன்சாமி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். 180 ரூபாய் சோப்புக்கு இது கொசுறு. சோப்பு கரைந்த பிறகும் அவர் ஆர்டர் போட்டுக்கொண்டே இருப்பது இந்தக் கொசுறுக்காகத்தான் என்பது என் எண்ணம்.

அந்தக் கடைகளுக்கு வளர்ச்சியும் ஒரு தினுசாக இருக்கும். முதலாளியின் குழந்தை தவழ்ந்தால் முட்டிக்கு உறை வரும். பல் முளைத்தால் கடிக்க மரவளையம் வரும். சக்கரம் வைத்த வாக்கரை மட்டும் யாரும் விற்பதில்லை; கனடா 2004லேயே தடை செய்துவிட்டது என்று தகப்பன்சாமியே எல்லோருக்கும் சொல்லி, அந்தச் சரக்கு எடுக்கவிடாமல் வைத்திருக்கிறார். முதலாளியின் பிள்ளை எல்.கே.ஜி. சேர்ந்த மாதம் டயப்பர் நின்று டிபன் பையும் பெயர் ஒட்டும் ஸ்டிக்கரும் வந்துவிடும். அப்போது புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் வேறு அம்மாவைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியாக அவர் கண் மாமியாரின் நலங்கு மாவில் விழுந்தது. சேர்மானம் கேட்டார். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் என்று அவர் அடுக்கினார்.

"எத்தனை நாளைக்கு வெச்சிருக்கலாங்க அத்தை?"

"தீர்ற வரைக்கும்."

எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் தன் முழங்கையில் பூசிப் பார்த்து, படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார். அந்த வாரமே அரைக்கிலோ, கால்கிலோ என்று கேட்டார்கள். பிரவுன் கவர் வாங்கினார், லேபிள் அடித்தார். தலபுராணம் ஒன்று வேண்டுமே என்று மாமியாரிடமே கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொல்ல ஆரம்பித்தார்: "எம்பொண்ணு கைக்குழந்தையா இருக்கறப்ப ஒடம்பெல்லாம் ஒரே சொறிங்க…"

"எனக்கு எப்பம்மா சொறி வந்துச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சும்மா இரு கண்ணு. கதை கேக்கறாங்கல்ல."

இப்போது மாமியார் மாதம் இரண்டு தடவை அரைக்கிறார். போன வாரம் பேரனைக் குளிப்பாட்டும் நேரத்தில் டப்பா காலி. தகப்பன்சாமி டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கவரில் மாவை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் ஆர்டருங் மாப்பிள்ள. அடுத்து திங்கக்கிழமைதான் அரைப்பேன். ஜிபே பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிருங்க."