பேரு கேக்காம மருந்து ஊத்தற பேராண்டிக்கு

ஏங்கண்ணு, மூணாவது செட்டுல மறுபடியும் கோழி சாயுதாமா? அதுக்குப் போயி மொகத்தத் தொங்கப் போடாத. மருந்துக் கம்பெனிப் பையன் பைக்குல வந்ததைப் பாத்தேன், பையும் நல்ல கனம். அவன் குடுக்கறதை வாங்கித் தண்ணித் தொட்டியில கலக்கி உட்டுரு. என்ன சீக்குன்னு மட்டும் கேட்டுராத. கேட்டா அவனுக்கும் சங்கடம், உனக்கும் சங்கடம்.

போன தடவையும் அப்பிடித்தான பண்ணுன? வெள்ளைக்கழிச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஊத்துன. அது வைரஸு. ராணிக்கெட்டுன்னு வடக்க இருக்கற மலையூருப் பேரையே வெச்சிருக்கற சீக்கு. அதுக்குத் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருக்கோணும். ஊத்துனதுல பொழைச்சது மருந்துக் கடைதான்.

உன்ற அத்தை மவ கோயமுத்தூரு ஆஸ்பத்திரி லேபுல இருக்கறாளே, ‘கிருமியப் படிச்சவளை நான் கட்ட மாட்டேன்’னு நீ எகிறிக் குதிச்சியே, அவதான். ஒரு நா என்னைக் கூட்டிட்டுப் போயி மிஷினு காட்டுனா. மால்டி டாஃபுன்னு பேரு. நோயாளியோட ரத்தமோ சளியோ வந்தா, மொதல்ல தட்டுல கிருமியை வளக்கறாங்க. அதுக்கு ஒரு ராத்திரி ஆகும், அதை எந்த மிஷினும் மாத்த முடியாது. காலையில தட்டுல புள்ளி புள்ளியா மொளைச்சு நிக்கும். பல்லுக் குத்தற குச்சியில ஒரு புள்ளியத் தொட்டு, வட்டம் வட்டமாக் கோடு போட்ட இரும்புத் தகட்டுல பூசுனா. மேலே மேட்ரிக்ஸுன்னு ஒரு சொட்டு உட்டா. சித்த நேரத்துல அது காஞ்சு பொடிப் படிகமாயிருச்சு. தகட்டை உள்ள தள்ளி, காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, லேசரை அடிச்சா.

அடிச்ச அடியில கிருமிக்குள்ள இருக்கற புரதமெல்லாம் மின்னேத்தம் வாங்கிட்டுக் கெளம்புது. பாதி ரைபோசோம் புரதம். எல்லாத்துக்கும் ஒரே அளவுதான் தள்ளு. நம்மூரு லாரியையே வெச்சுச் சொல்றேன்: எஞ்சின் ஒண்ணுதான், வெத்து வண்டி கரூரு பாலத்தைத் தாண்டும்போது லோடு வண்டி பரமத்தியிலயே மூச்சு வாங்கும். அதே மாதிரி லேசான புரதம் முந்தி வருது, கனத்தது பிந்தி வருது. வந்த நேரத்தை வெச்சு எடையைக் கணக்குப் போட்டு, 2,000-ல இருந்து 20,000 டால்டன் வரைக்கும் கோடு கோடா வரையுது. அந்தக் கோட்டைத் தன்கிட்ட இருக்கற புஸ்தகத்தோட ஒத்துப் பாத்துப் பேரைச் சொல்லுது. நான் பையில வெத்தலையத் தேடி எடுக்கறதுக்குள்ள பேரு வந்துருச்சு. முன்னெல்லாம் சக்கரைத் தண்ணிக் குழாயில உட்டு நெறம் மாறுதான்னு பாத்துப் பேரு சொல்ல இன்னும் ஒரு நா, ரெண்டு நா ஆகுமாம்.

இந்தக் கூத்துக்கு வழி காட்டுனவங்கள்ல ஒருத்தரு கொய்ச்சி தனாகான்னு ஜப்பான்காரரு. கியோட்டோவுல ஷிமாட்சு கம்பெனி இஞ்சினியரு, டாக்டரு பட்டமெல்லாம் கெடையாது. புரதம் ரொம்பப் பெரிசு, லேசரு பட்டாச் செதறிப் போயிரும்னு ஒலகமே சொல்லிட்டிருந்த காலம். 1985-ல கோபால்ட்டுப் பொடியில வேற எதையோ கலக்கப் போயி, கிளிசரினைக் கலக்கிட்டாரு. கீழே கொட்ட மனசு வரல. அதையே மிஷினுல வெச்சுப் பாத்தாரு. மூலக்கூறு செதறாம வந்துருச்சு. 2002-ல நோபல் பரிசு. ஜெர்மனியில ஹில்லன்காம்ப்பும் கராஸும் இன்னிக்கு லேபுல ஓடற முறையைச் சீர் பண்ணுனவங்க, அவியளுக்குப் பரிசு வரல. நீயும்தான் தண்ணித் தொட்டியில கண்டதைக் கலக்கற, ஒரு கடுதாசி கூட வரலியே!

மிஷினுன்னா எல்லாம் தெரிஞ்சதுன்னு நெனச்சுக்காத. உன்னையாட்டமே அதுக்கும் தெரிஞ்ச பேருதான் தெரியும். சேத்துலயும் நெல்லு வயல்லயும் பர்க்கோல்டேரியா சூடோமல்லைன்னு ஒரு கிருமி கெடக்குது. மழைக் காலத்துல, சக்கரை வியாதி இருக்கற ஆளுகளா பாத்துப் புடிக்கும். மெலியாய்டோசிஸுங்கறாங்க. டி.பி. மாதிரியே வேசம் போடும், டி.பி. மருந்தைத் தின்னுட்டு ஆளு எளைச்சுட்டே போவான். வேலூரு சி.எம்.சி. இதைக் கண்டுபுடிக்கறதுல பேர்போனது. சரியான மருந்துன்னா மொதல்ல வாரக் கணக்குல ஊசி, பொறவு மாசக் கணக்குல மாத்திரை. மிஷினோட புஸ்தகத்துல இந்தக் கிருமி இல்லீன்னா என்ன பண்ணும் தெரியுமா? தாய்லாண்டென்சிஸுன்னு, அவ்வளவாக் கெடுதல் பண்ணாத பங்காளி பேரைச் சொல்லிட்டுச் சும்மா இருந்துக்கும். அதனால விசயம் தெரிஞ்ச டாக்டரு மிஷினு சொன்னதையும் ஒரு தடவை சந்தேகப்படுவாரு.

கோழிக்கும் அதே கதைதான். சால்மோனெல்லான்னு சொல்லும், அதுல எந்த வகைன்னு கேட்டா முழிக்கும். அதுக்குத் தனிச் சோதனை பண்ணோணும். எந்த மருந்துக்குச் சாகும்னும் சாதாரணமாச் சொல்லாது. தட்டுல மருந்து வில்லை வெச்சு இன்னொரு நாப் பாக்கோணும். அந்த ஒரு நாளைத்தான் நீ பொறுக்க மாட்டீங்கற. உன்ற அவசரத்துக்குன்னே கொலிஸ்டின் ஊத்துன காலம் ஒண்ணு இருந்துது. மனுசனுக்கு வேற எதுவும் கேக்காதப்ப கடைசியா எடுக்கற மருந்து அது. அதைப் போயி தீவனத்துல கலந்தோம், கோழி கொழுக்கட்டும்னு! 2019 ஜூலையில மத்திய அரசு தடை போட்டுருச்சு. தடை போட்டது தெரியுமான்னு அந்தப் பைக்குப் பையன்கிட்டக் கேளு. தெரியாதும்பான், நல்ல பையன்.

கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லுக்கு 1985-லயே வந்தாச்சு. ஆஞ்சநேயரைக் கும்புடப் போறவன் அங்கயும் எட்டிப் பாக்கலாம். லேசரு மிஷினுதான் வேணும்னு இல்ல, தட்டுல வளத்துப் பாத்தே பேரு சொல்ற ஆளுக இருக்கறாங்க. போறதுன்னா மருந்து ஊத்தறதுக்கு முந்தியே போ. ஊத்திட்டுக் கொண்டு போனா தட்டுல ஒண்ணும் மொளைக்காது, ‘லேபுக்காரனுக்கு ஒண்ணும் தெரியல’ன்னு நீ ஊரெல்லாம் சொல்லுவ. சாகப் போற கோழி ரெண்டு, அப்பத்தான் செத்தது ஒண்ணு கொண்டு போ. செத்ததை ஐஸு பெட்டியில வெச்சுக்கோ, ஃப்ரீசருல போட்டு உறைய வெக்காத. பெட்டி எதுன்னு உன்ற பொண்டாட்டியக் கேட்டுட்டு எடு. மீனு வாங்கற பெட்டியத் தூக்கிட்டுப் போனீன்னு வெச்சுக்கோ, பொறவு உனக்கு என்ன சீக்குன்னு நான்தான் அவகிட்டச் சொல்லோணும்.