பிரேக் போடும் மாமா

வில்லனின் விண்கப்பல் வெடித்ததும் தியேட்டரே விசிலடிக்கும். பக்கத்து சீட்டிலிருந்து மட்டும் "ஹூம்" என்று வரும். "காத்தே இல்லாத எடத்துல சத்தம் எப்படிப்பா கேக்கும்?" முன்வரிசைக்காரர் திரும்பி முறைப்பார், என்னை.

செகந்திராபாத் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கொரு மாமா இப்படி. ஏவுகணை ஆய்வகங்கள் உள்ள ஊரில் குடியிருப்பதால் வந்த வினை. எங்கள் மாமாவும் அப்படியோர் ஆய்வகத்தில் முப்பது வருஷம் இருந்தார், கணக்குப் பிரிவில். ஏவுகணையைத் தொட்டதில்லை, அதன் பில்லைத் தொட்டிருக்கிறார்.

இறக்கை, லேசர் கோடு எல்லாம் ஒரு "ஹூமில்" முடிந்துவிடும். துரத்தல் காட்சி வந்தால்தான் ஆபத்து.

"முன்னாடி போறவனப் பிடிக்க வேகத்தக் கூட்டறான் பாரு, மடையன்! கூட்டினா மேல போயிடுவான். மேல சுத்து பெருசு, பின்தங்கிடுவான். பிரேக் போடணும்பா! வேகம் கொறஞ்சா கீழ எறங்குவான், சுத்து சின்னது, தானா எட்டிப் பிடிச்சுடுவான்."

உடனே 1965 வந்துவிடும். ஜெமினி 4 விண்கலத்தில் போன விண்வெளி வீரர் மெக்டிவிட், கழன்ற ராக்கெட் பகுதியை நெருங்க நேராக உந்திப் பார்த்தாராம். எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம். இதைக் கேட்டு முடிப்பதற்குள் திரையில் கதாநாயகி செத்துக் கிடந்தாள். சுட்டது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

2018-இல் 'அந்தரிக்ஷம் 9000 கே.எம்.பி.ஹெச்.' என்ற தெலுங்கு விண்வெளிப் படம் வந்தபோது மாமா தலைப்பையே தாண்டவில்லை. "பூமிக்குப் பக்கத்துல சுத்தணும்னா 28,000 வேணும். 9000-ல சுத்தினா வங்காள விரிகுடாதான்." கவுண்டரில் இருந்த பையனுக்காக இதையே தெலுங்கிலும் ஒருமுறை.

"அவுட்டர் ரிங் ரோட்டுல ஒரு லாரியையாவது முந்தியிருக்காரா கேளு. பிரேக்குக்கு இப்ப ஒரு காரணம் கெடச்சுடுச்சு" என்பாள் அத்தை.

எனக்கு வேடிக்கையாக இல்லை. டிக்கெட் என் காசு, பாப்கார்ன் என் காசு. பொய் என்று தெரிந்துதானே போகிறேன்? 'மாயாபஜார்' போட்டால் ரங்காராவ் வாய்க்குள் லட்டு தானாகப் பறந்து போகிறது. அது நடப்பது பூமியில், புவியீர்ப்புக்கு நடுவே. அதற்கு மட்டும் மாமா கை தட்டுகிறார்.

ஒரே ஒரு நாள் அவரிடமிருந்து "ஹூம்" வரவில்லை. 2019 மார்ச் 27. நம் செயற்கைக்கோள் ஒன்றை, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில், நம் ஏவுகணையே அடித்து நொறுக்கிய மிஷன் சக்தி. துரத்தலும் இல்லை, வளைந்து திரும்பலும் இல்லை; மூன்று நிமிஷத்தில் முடிந்தது. அவர் பாஸ் செய்த ஏதோ ஒரு பில்லும் அதற்குள் இருந்திருக்கலாம். டிவியில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். மாமா ரிமோட்டை எடுத்து மியூட்டில் போட்டார்.

"இப்பதான் சரியா இருக்கு" என்றார்.