மருமவனே, துப்பாக்கியை உள்ள வையி

வாலே மருமவனே, இப்படித் திண்ணையில இரி. ஊரையே சிரிக்க வைக்கப் போறேன்னு உங்கம்மாகிட்டச் சொன்னியாமே. நல்ல தொழில்தான். அமெரிக்காவுல ஸ்டீவ் கரெல்னு ஒருத்தன் அப்படித்தான் கெளம்பினான். ஆனா அவன் போன பாதை உனக்குத் தோதுப்படாது, முன்னாடியே சொல்லிப்புடுதேன்.

1984-ல காலேஜ் முடிச்சவன், சட்டம் படிக்க மனுப் போட உக்காந்தான். 'ஏன் வக்கீலாகணும்?'னு ஒரு கேள்வி. பதில் தெரியாம எந்திரிச்சுட்டான். நீயா இருந்தா நாலு பக்கம் எழுதியிருப்பே. பொறவு மாசாசூசெட்ஸ்ல லிட்டில்டன்ங்கிற ஊர்ல தபால்காரன். கொஞ்ச மாசத்துலயே, 'இது உனக்கு வரல'ன்னு மேலதிகாரி சொல்லிட்டாராம். உனக்கு அப்படிச் சொல்லவும் ஆளில்ல. ஒரு வேலையில இருந்தாத்தானேலே சொல்லுவான்?

அப்புறந்தான் சிகாகோ, செகண்ட் சிட்டி. 1959-ல தொடங்கின கொட்டகை. கையில வசனம் கிடையாது. பாக்க வந்தவன் ஒரு வார்த்தை சொல்லுவான், அதை வச்சு நின்ன இடத்துலயே காட்சி கட்டணும். கூட நிக்கிறவன் 'டாக்டர், காலு வலிக்கு'ன்னா நீ டாக்டர்தான். 'நான் போலீசுல்லா'ன்னு சொன்னியோ, காட்சி அங்கனயே செத்துச்சு. அதாவது அடுத்தவன் பேசுறதைக் காதுல வாங்கணும். அந்தப் பழக்கம் உனக்கு ஏது?

கரெல் அங்க நடிச்சான், பாடமும் சொல்லிக்கொடுத்தான். அவனுக்கு உடம்பு சொகமில்லன்னா ஏற நின்ன மாத்து ஆள், பின்னால பேர்போன ஸ்டீபன் கோல்பேர். 1995-ல சாட்டர்டே நைட் லைவ்ங்கிற டிவி காமெடி நிகழ்ச்சிக்கு கரெலும் முட்டிப் பாத்தான், எடம் வில் ஃபெரலுக்குப் போச்சு. மறுவருசம் அவன் சேந்த டானா கார்வி நிகழ்ச்சியை ஏழு எபிசோடோட இழுத்து மூடிட்டாங்க. 2004-ல 'ஆங்கர்மேன்' படத்துல அதே ஃபெரலுக்குப் பக்கத்துல நின்னுதான் பேர் வாங்கினான். 'தி 40 இயர் ஓல்ட் வர்ஜின்' படம் வரயில அவனுக்கு வயசு 43. அதுல நெஞ்சு மயிரை மெழுகு போட்டு உரிக்கிறது நெசம், அலறினதும் நெசம். உனக்கு முடிவெட்டவே ரெண்டு பேர் பிடிக்கணும்.

முக்கியமான சங்கதி இனிமேத்தான். 2005-ல 'தி ஆபீஸ்'ங்கிற டிவி தொடர்ல ஒரு எபிசோடு. மைக்கேல் ஸ்காட்டா வாற கரெல், இந்த வித்தை படிக்க வகுப்புக்குப் போறான். யாரு என்ன காட்சி தொடங்கினாலும் ஊடால பாஞ்சு விரலைத் துப்பாக்கியா நீட்டுதான். இல்லாத துப்பாக்கியை எல்லாம் வாத்தியார் பிடுங்கி வைக்க வேண்டியதாப் போச்சு. யோசிச்சுப் பாரு: பாடம் நடத்தினவனே பாடத்தைக் கெடுக்கிறவனா நடிக்கான். எங்கன மிதிச்சா காட்சி சாகும்னு அவனுக்கில்லா தெரியும்! அந்த வேசத்துக்கு எம்மிப் பரிசுக்கு ஆறு தடவ பேர் போச்சு, ஒண்ணுகூடக் கிடைக்கல. அது கொடுத்தவங்க ரசனை, விடு.

இன்னைக்கு ராத்திரி அந்த எபிசோடைப் பாரு. விழுந்து விழுந்து சிரிச்சேன்னா உனக்கு வழி இருக்கு. 'மாமா, அவன் செஞ்சதுல என்ன தப்பு?'ன்னு கேட்டேன்னா, விடியக்காலம் மம்பட்டிய எடுத்துக்கிட்டு எங்கூட வயலுக்கு வந்துரு.